எந்த மலையில் வழிபடுவது?

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)
வாசகங்கள்: விப 17:3-7, உரோ 5:1-2,5-8, யோவா 4:5-42



நண்பகல் வேளை. நல்ல வெயில். நடந்து களைத்த இயேசு யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்திருக்கிறார். தண்ணீர் எடுக்க ஒரு சமாரியப் பெண் வருகிறார். பேச்சு குடிதண்ணீரில் தொடங்கி வாழ்வு தரும் தண்ணீருக்குப் போகிறது. அங்கிருந்து அப்பெண்ணின் சொந்த வாழ்க்கைக்குள் நுழைகிறது. கணவரை அழைத்து வரும்படி இயேசு சொல்கிறார். ஐந்து கணவர்களின் கதை வெளியே வருகிறது. சரியாக அந்த இடத்தில்தான் அப்பெண் வழிபாட்டைப் பற்றிய கேள்வியை எழுப்புகிறார். எங்கள் முன்னோர் இந்த மலையில் வழிபட்டார்கள், நீங்களோ எருசலேமில்தான் வழிபட வேண்டும் என்கிறீர்கள், எது சரி?

அது சாதாரணக் கேள்வியல்ல. அந்த மலையின் பெயர் கெரிசிம். அங்கே சமாரியர்களுக்கு ஒரு கோவில் இருந்தது. இயேசு பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே யூத ஆட்சியாளரான யோவான் இர்க்கான் அதை இடித்துப்போட்டார். இடிந்த கோவிலின் வேதனை ஒரு பக்கம், எங்களுடையதே உண்மை வழிபாடு என்ற பெருமை மறுபக்கம். இரண்டு இனத்தாரும் ஒரே கலத்தில் தண்ணீர் குடிக்காத அளவுக்குப் பகை முற்றியிருந்தது.

அப்பெண் உண்மையான தேடலோடுதான் இதைக் கேட்டார் என்று சொல்வோர் உண்டு. தன் வாழ்க்கையைப் பற்றிய பேச்சு நெருங்கி வந்துவிட்டதால் பேச்சைத் திருப்பினார் என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம். ஏனென்றால் நாமும் அப்படித்தான் செய்கிறோம். ஆண்டவர் நம் வாழ்க்கையைத் தொட வரும்போது, எந்த வழிபாடு உயர்ந்தது என்ற வாதத்தில் இறங்கிவிடுகிறோம்.

அன்புக்குரியவர்களே, வீடு சந்திப்புக்குப் போகிற எந்தக் குருவும் இந்த வாதத்தைக் கேட்காமல் திரும்புவதில்லை. பாட்டி மாலை ஏழு மணிக்குச் செபமாலையைக் கையில் எடுத்தால், "சொன்னதையே ஐம்பது முறை சொன்னால்தான் கடவுளுக்குக் கேட்குமா?" என்று பேரன் கேட்கிறான். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனிப் பேருந்தில் ஷிப்டுக்குப் போய் வருகிற அதே பேரன், விடுமுறை நாளில் கைதட்டிப் பாடும் செபக்கூட்டத்துக்குப் போனால், "இது நம்ம வேதமா? பெந்தகோஸ்தே மாதிரி கத்திக்கிட்டு" என்று தாத்தா கடிந்துகொள்கிறார். மனைவி தியானத்துக்குப் போகிறார். கணவர் தேர்த்திருவிழாவுக்கு மட்டும் வருகிறார். ஒரே கூரையின் கீழ் இரண்டு கெரிசிம், மூன்று எருசலேம். இதன் முடிவு என்ன? குடும்பச் செபம் நின்றுபோகிறது. சிலர் மனம் கசந்து வேறு சபைக்குப் போய்விடுகிறார்கள். போனவரோடு பேச்சுவார்த்தையும் நின்றுவிடுகிறது. கடவுளோடு பேசுவதற்கு எது நல்ல வழி என்று தொடங்கிய சண்டையில் அண்ணனும் தம்பியும் பேசாமல் போய்விடுகிறார்கள்.

இயேசு என்ன பதில் சொன்னார்? தந்தையை அவரது உண்மை இயல்புக்கேற்ப, உள்ளத்தில் வழிபடும் காலம் வருகிறது, அது வந்தேவிட்டது என்கிறார். அப்படியானால் வெளிமுறைகள் எதுவுமே வேண்டாம் என்று பொருளா? இயேசுவின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு எருசலேமுக்குத் திருப்பயணம் போனார். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்குப் போவது அவர் வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார். இரவு முழுவதும் மலையில் தனியே செபித்தார். தூய ஆவியாரால் பேருவகை கொண்டு தந்தையைப் போற்றினார். உரத்த குரலெழுப்பி, கண்ணீர் சிந்தி மன்றாடினார் என்று எபிரேயர் திருமுகம் கூறுகிறது. கடைசி இரவுணவில் சீடர்களோடு புகழ்ப்பா பாடினார். கெத்சமனியில் முன்பு சொன்ன அதே சொற்களையே மீண்டும் சொல்லிச் செபித்தார் என்று மாற்கு குறிப்பிடுகிறார். திருப்பயணம், பொது வழிபாடு, மௌனம், புகழ்ச்சி, கண்ணீர், பாடல், திரும்பத் திரும்பச் சொல்லும் செபம் என எல்லா வழிகளிலும் இயேசு செபித்திருக்கிறார். நாம்தான் அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கேலி செய்கிறோம்.

நம் பகுதி ஏரிகளின் நாடு. உத்திரமேரூர் என்றதும் உலகம் குடவோலை முறையைத்தான் நினைக்கிறது. முதலாம் பராந்தக சோழர் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு குழு தனியாகவே சொல்லப்படுகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊரின் முதல் வேலைகளுள் ஒன்று. ஏரி ஒன்றுதான், ஆனால் அதற்கு வரத்துக் கால்வாய்கள் பல. எல்லாக் கால்வாயிலும் எல்லா ஆண்டும் தண்ணீர் ஒரே அளவில் வராது. ஒரு பக்கம் மழை பொய்த்தாலும் மறுபக்கத்து ஓடை ஏரியை நிரப்பும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூர்த்துவிட்ட ஊர், ஒரு வறண்ட ஆண்டில் கண்கலங்கி நிற்கும். நம் ஆன்ம வாழ்வும் அப்படியே. திருச்சபை நமக்கு வைத்திருக்கும் கால்வாய்களில் சிலவற்றை இன்று பார்ப்போம். அவை ஒவ்வொன்றும் நம்முள் எதை வளர்க்கின்றன என்று மட்டும் கேட்போம்.

முதலாவது, திருப்பலி. மற்ற கால்வாய்களோடு இதைச் சமமாக வைத்து எண்ண முடியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, திருச்சபையின் வாழ்வுக்கு ஊற்றும் உச்சியும் திருவழிபாடே என்று நமக்குக் கற்பித்தது. நம் முதியோருக்கு நினைவிருக்கும். அப்போது அதற்குப் பெயர் பூசை. குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று இலத்தீனில் செபிப்பார். மக்கள் பின்னால் முழங்காலில் இருந்து தமிழில் செபமாலை சொல்வார்கள். சருவேசுரன் என்று அழைத்த நாவு பிறகு இறைவன் என்று அழைக்கப் பழகியது. தமிழில் திருப்பலி வந்தபோது சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் பழைய அமைதி போய்விட்டதே என்று வருந்தினார்கள். ஆனாலும் பழகினார்கள். இன்று தமிழ்த் திருப்பலியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நிற்பவர்கள் அன்று பழகிக்கொண்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான்.

திருப்பலி நம்முள் வளர்ப்பது எதை? நான் என்பதை நாம் என்று மாற்றுகிறது. அங்கே எனக்குப் பிடித்த வாசகத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை. எனக்குப் பிடித்தவர் அருகில் நான் நிற்பதுமில்லை. என் மனநிலை எப்படியிருந்தாலும், துக்கத்தில் இருக்கிறவருக்காக நான் மன்றாடுகிறேன். மகிழ்ச்சியில் இருக்கிறவரோடு சேர்ந்து பாடுகிறேன். என் நம்பிக்கை தளர்ந்திருக்கும் வாரத்தில் என் பக்கத்தில் நிற்பவரின் நம்பிக்கை அறிக்கை என்னைத் தாங்குகிறது.

இரண்டாவது, மக்களின் பக்தி முயற்சிகள். செபமாலை, நவநாள், சிலுவைப்பாதை, கொடியேற்றம், தேர்பவனி, பாதயாத்திரை. ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்கு எத்தனையோ நாள்களுக்கு முன்பே காவி உடுத்து, செருப்பில்லாமல் நடக்கத் தொடங்குகிறவர்களை நாம் அறிவோம். நமக்கு அருகிலேயே அச்சிறுபாக்கம் மழை மலை மாதாவும் சேத்துப்பட்டு லூர்து அன்னையும் இருக்கிறார்கள். படித்தவர்கள் சிலருக்கு இதெல்லாம் எளிய மக்களின் பழக்கம். ஆனால் தமிழ்நாட்டில் நம்பிக்கையைக் காத்தது எது என்று எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்'. இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கசு ஆக்கிய அந்தச் சிறு நூல் பதினாறே பக்கம். செபங்களும் மறைக்கல்வியும் அடங்கியது. திருப்பலி தமிழில் வருவதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மக்கள் தமிழில் செபித்துக்கொண்டிருந்தார்கள். குருவானவர் வருடத்துக்கு ஒருமுறை வந்த ஊர்களில் உபதேசியாரும் செபமாலையும்தான் கோவிலாக இருந்தன. தவக்காலத்தில் பாடி வாசிக்கப்படும் வியாகுல பிரசங்கம், கோவாவிலிருந்து இலங்கைக்குப் போய் உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தந்தது. ஆண்டவரின் பாடுகளைக் கேட்டு அழத் தெரிந்த தலைமுறைகளை அது உருவாக்கியது.

சொன்னதையே சொல்வது அர்த்தமற்றது என்கிறவர்களுக்கு அவிலாவின் புனித தெரேசா ஒரு செய்தி வைத்திருக்கிறார். வாய்ச் செபத்தைத் தவிர வேறு எந்தச் செபமும் வராத ஒருவரை அவர் அறிந்திருந்தார். அந்த நபர் இயேசு கற்பித்த செபத்தை மெதுவாகச் சொல்லிச் சொல்லியே மிக உயர்ந்த இறை ஒன்றிப்பை அடைந்திருந்ததைக் கண்டு வியந்ததாகத் தெரேசா எழுதுகிறார். ஆகவே பாட்டியின் கையில் உருளும் மணிகளைக் கேலி செய்யும்முன் கொஞ்சம் யோசிப்போம். அவர் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. பக்தி முயற்சிகள் நம் உடலைச் செபிக்க வைக்கின்றன. நடக்கிற கால், உருட்டுகிற விரல், அழுகிற கண் எல்லாம் செபத்தில் பங்குகொள்கின்றன. விடாமல் நிற்கும் பொறுமையை நம்முள் வளர்க்கின்றன.

மூன்றாவது, புகழ்ச்சி செபம். 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டுகேன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு வார இறுதித் தியானத்தில் தூய ஆவியாரின் வல்லமையை உணர்ந்தார்கள். அங்கிருந்துதான் கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் பரவியது. 1975 தூய ஆவியார் பெருவிழாவின்போது உரோமையில் கூடிய அவ்வியக்கத்தினரைத் திருத்தந்தை ஆறாம் பவுல் வரவேற்று ஊக்கப்படுத்தினார். நம் ஊர்களிலிருந்து கேரளாவின் முரிங்ஙூர் தியான மையத்துக்குப் போய் வந்து குடியை விட்டவர்கள், பகைவரை மன்னித்தவர்கள், விவிலியத்தை முதன்முறையாகக் கையில் எடுத்தவர்கள் உண்டு. அதை நாம் மறுக்கக் கூடாது. வாய் திறந்து பலர் நடுவில் கடவுளுக்கு நன்றி சொல்லக் கூச்சப்படுகிற நமக்கு, அந்தக் கூச்சத்தை உடைக்கிற செபம் இது. விண்ணப்பம் மட்டுமே தெரிந்த உதடுகளுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுக்கிறது.

அதே வேளையில் புனித பவுல் கொரிந்தியருக்குத் தந்த அறிவுரையும் இங்கே தேவை. பரவசப் பேச்சில் பத்தாயிரம் சொற்களைப் பேசுவதைவிட மற்றவருக்குப் புரியும்படி ஐந்து சொற்களைப் பேசுவதையே தாம் விரும்புவதாக அவர் எழுதுகிறார். எது நடந்தாலும் திருச்சபை கட்டியெழுப்பப்பட வேண்டும், ஒழுங்கு வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். மருந்தை நிறுத்தச் சொல்கிற செபம், அடுத்த வீட்டுக்காரர்மேல் செய்வினைப் பழி போடுகிற செபம் எவ்வளவு சத்தமாக இருந்தாலும் அந்த அளவுகோலுக்குள் வராது.

நான்காவது, மௌனம். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் என்ற ஆசிரமம் இருக்கிறது. 1950இல் மோன்சானின் அடிகளாரும் அபிஷிக்தானந்தர் என்று பின்னாளில் அறியப்பட்ட லெ சோ அடிகளாரும் பிரான்சிலிருந்து வந்து அதைத் தொடங்கினார்கள். 1968இல் பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் பொறுப்பேற்று, 1993இல் இறக்கும்வரை அங்கே வாழ்ந்தார். தரையில் அமர்ந்து, நீண்ட மௌனத்தில் கடவுளின் முன் இருக்கும் வழிபாடு அது. பிரான்சு நாட்டுத் தேஸே குழுமம் 1940இல் தொடங்கி, சிறு பாடலும் மௌனமுமாக இளைஞர்களை ஈர்த்து வருவதும் இதே வழியில்தான். இதற்குப் பெரிய ஆசிரமம் வேண்டும் என்பதில்லை. நற்கருணை ஆராதனையில் பாட்டும் மன்றாட்டும் முடிந்தபின் பத்து நிமிடம் யாரும் ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். நம்மில் பலருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரும் பாடு. கை செல்போனைத் தேடுகிறது. மனம் கடன் தவணையை எண்ணுகிறது. ஆனால் கேட்கிற காது அங்கேதான் வளர்கிறது. சமாரியப் பெண்ணிடம் அவர் வாழ்க்கையை இயேசு சொன்னது ஆரவாரத்தின் நடுவில் அல்ல; யாருமற்ற கிணற்றடியில்.

ஐந்தாவது, நம் மண்ணின் வழிபாடு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி பன்னிரண்டு தழுவல்களுக்கு உரோமை ஒப்புதல் தந்தது. கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல், எண்ணெய் விளக்கு, ஆரத்தி போன்றவை அப்படி வந்தவை. நம் தென்னார்க்காட்டு மண்ணின் மைந்தரான அமலோர்பவதாஸ் அடிகளார் 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய மையம் இந்தப் பணியை முன்நின்று நடத்தியது. இது நல்ல தொடக்கம். ஆனால் ஒரு கேள்வியும் எழுந்தது. இந்தியப் பண்பாடு என்றால் யாருடைய பண்பாடு? குத்துவிளக்கும் ஆரத்தியும் கோவிலுக்குள் வந்துவிட்டன. சேரியின் பறை ஏன் வாசலுக்கு வெளியே நிற்கிறது?

இந்தக் கேள்வியை வழிபாடாகவே மாற்றியவர்களில் ஒருவர், பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு ஐயர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த அவர், நாட்டுப்புற மெட்டுகளில், உழைக்கும் மக்களின் பேச்சுத் தமிழில் வழிபாடு அமைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதையே நற்கருணையின் பொருளாக அவர் விளக்கினார். நம் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றிலும் இன்று காணிக்கைப் பவனியில் பறை முழங்குகிறது. சாவுக்கு மட்டும் அடிக்க வேண்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவி உயிர்த்த ஆண்டவரின் பீடத்துக்கு முன்னால் ஒலிக்கிறது. அதைக் கேட்டு ஒருவர் தலை நிமிர்கிறார். இன்னொருவருக்கு முகம் சுளிக்கிறது. இந்த இரண்டு பேருக்குமே அது வளர்ச்சிக்கான வழிபாடு. தலை நிமிர்கிறவர் தன் மாண்பில் வளர்கிறார். முகம் சுளிக்கிறவர், தனக்குள் இன்னும் இடியாமல் இருக்கும் சுவரைக் கண்டுகொள்கிறார்.

சுவர் என்று சும்மா சொல்லவில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோவிலைச் சாதிவாரியாக மக்கள் பிரிந்து நிற்கும்படி இரண்டு பகுதிகளாகக் கட்டியிருந்தார்கள். 1910இல்தான் நடுவிலிருந்த தடுப்பு அகற்றப்பட்டது. அதற்கு எதிராக வழக்கும் நடந்தது. அங்கே வழிபாட்டு முறையில் குறை ஏதுமில்லை. இலத்தீன் சரியாக இருந்தது, பாடல் இனிமையாக இருந்தது. ஆனால் அருகில் நிற்கிற சகோதரனைக் காண மறுத்த வழிபாடு அது. வழிபாட்டின் அழகு நம்மை மாற்றியே தீரும் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்கு வடக்கன்குளம் ஓர் எச்சரிக்கை. கல்லறைத் தோட்டத்திலும் தேர் போகும் தெருவிலும் இன்றும் இந்தச் சிக்கல் தீராத ஊர்கள் நம் தமிழகத் திருச்சபையில் இருக்கின்றன.

ஆறாவதாக ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிந்த சபைகளைச் சேர்ந்த நம் சகோதரர்களிடம் விவிலியத்தை நாள்தோறும் வாசிக்கும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. நம் கையில் இருக்கும் திருவிவிலியமே கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் நம் வீடுகளிலும் ஒலிக்கின்றன. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதால் நம் நம்பிக்கை குறைந்துவிடாது.

சரி சாமி, இத்தனையும் ஒரே ஆள் செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது, தேவையும் இல்லை. ஆயரும் துறவியும் கைத்தொழிலாளியும் ஒரே விதமாகப் பக்தி செலுத்த முடியாது என்று புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இலேயே எழுதிவிட்டார். ஒவ்வொருவருக்கும் இயல்பாக வருகிற செபம் ஒன்று உண்டு. அதுதான் அவருடைய வீட்டுக் கிணறு. அதை விட வேண்டாம். நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: இயல்பாக வருகிற செபம் நம்மைத் தாங்கும், இயல்பாக வராத செபம் நம்மை வளர்க்கும்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவைப் பாருங்கள். தனியாகச் செபமாலை சொல்வது தமக்கு மிகவும் கடினமாக இருக்கிறது என்று அவர் ஒளிக்காமல் எழுதி வைத்தார். மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. அதற்காக அன்னை மரியா தம்மைத் தள்ளிவிட மாட்டார் என்று நம்பினார், விட்டுவிடாமல் முயன்றார். இன்று அவர் திருச்சபையின் மறைவல்லுநர்.

வாழ்க்கையின் பருவங்கள் மாறும்போதுதான் இது நமக்குப் புரியும். கைதட்டிப் பாடியே பழகியவர் ஒருநாள் மருத்துவமனைப் படுக்கையில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார். குரல் வராது. மௌனத்தில் கடவுளோடு இருக்கக் கற்றிருந்தால் அப்போது அது கைகொடுக்கும். அமைதியாக ஆராதனையில் இருப்பதே போதும் என்று இருந்தவரின் வீட்டில் இளம் சாவு ஒன்று விழுகிறது. மனம் ஒன்றையும் சிந்திக்காது. அப்போது அன்பியத்தார் வந்து சுற்றி அமர்ந்து சொல்கிற செபமாலைதான் அந்த இரவைக் கடத்திவிடும். செபமாலை மட்டுமே அறிந்தவரின் மகன், "அம்மா, கடவுள் இருக்கிறாரா?" என்று கேட்கிறான். விவிலியத்தைத் திறந்து அவனோடு அமர அந்த அம்மாவுக்குப் பழகியிருக்க வேண்டும். வெள்ளம் வந்தபிறகு கால்வாய் வெட்ட முடியாது. வெயில் காலத்திலேயே தூர் வாரி வைக்க வேண்டும். தவக்காலம் அதற்குத்தான் தரப்பட்டிருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லி நிறைவு செய்கிறேன். ஒன்று, ருசி பார்த்துக்கொண்டே திரிய வேண்டாம். இந்த வாரம் ஒரு தியான மையம், அடுத்த வாரம் ஒரு திருத்தலம், அதற்கடுத்த வாரம் ஒரு புதிய போதகர் என்று ஓடுகிறவர் பத்து இடத்தில் இரண்டிரண்டு அடி தோண்டுகிறவர். எங்கும் தண்ணீர் வராது. சொந்தப் பங்கின் ஞாயிறு திருப்பலியில் ஊன்றி நின்றுகொண்டு மற்றதைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு, எந்த வழிபாட்டையும் அதில் கிடைக்கிற உணர்ச்சியை வைத்து அளக்காதீர்கள். இன்றைய முதல் வாசகத்தில் இஸ்ரயேல் மக்கள் தாகம் வந்தவுடன், ஆண்டவர் நம்மோடு இருக்கிறாரா இல்லையா என்று கேட்டார்கள். வறட்சியான செபத்திலும் அவர் இருக்கிறார்.

பிறகு எதை வைத்து அளப்பது? அந்தச் சமாரியப் பெண்ணைப் பாருங்கள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறார். மற்றப் பெண்கள் வரும் காலை, மாலை வேளைகளைத் தவிர்த்து, ஆளில்லாத நண்பகலில் தண்ணீருக்கு வந்தவர் அவர். ஆண்டவரைச் சந்தித்தபின் தாம் தவிர்த்த அதே மக்களிடம் போய் நிற்கிறார். உண்மை வழிபாட்டின் அடையாளம் அதுவே. பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரருக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவுற்றால், முதலில் போய் அவரோடு உறவு கொள்ளும்படி ஆண்டவர் சொல்லியிருக்கிறார். பாதயாத்திரை போய் வந்தபின், தியானம் முடிந்தபின், ஆராதனையிலிருந்து எழுந்தபின், யாரிடம் பேசாமல் இருந்தேனோ அவரிடம் என் கால்கள் போகின்றனவா? போனால் அது ஆவியிலும் உண்மையிலும் செய்த வழிபாடு. போகாவிட்டால், கெரிசிமாக இருந்தாலும் எருசலேமாக இருந்தாலும் நாம் இன்னும் மலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே உயிர்ப்புப் பெருவிழா வரை உள்ள இந்த வாரங்களில் ஒரு சிறு முயற்சி எடுப்போம். உங்களுக்குப் பழகாத ஒரு செபத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதையும், அந்தச் செபம் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். பேரன் ஒரு மாலை பாட்டியோடு அமர்ந்து ஒரு பத்து மணி செபமாலை சொல்லட்டும். தாத்தா ஒருமுறை பேரனோடு புகழ்ச்சி செபத்துக்குப் போய், கைதட்ட வராவிட்டாலும் உடன் நிற்கட்டும். எப்போதும் பாடுகிறவர்கள் நற்கருணைமுன் பத்து நிமிடம் மௌனமாக இருக்கட்டும். எப்போதும் மௌனமாக இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் ஒரு நிலையை வாய்விட்டு வாசிக்கட்டும். வீட்டில் நின்றுபோன குடும்பச் செபம் வாரத்தில் ஒருநாளாவது மீண்டும் தொடங்கட்டும். எந்த முறையில் என்று சண்டை வந்தால், வீட்டில் வயதில் சிறியவருக்குத் தெரிந்த முறையில் தொடங்குங்கள். அடுத்த வாரம் மூத்தவர் முறையில்.

செபிப்போமாக. களைத்துக் கிணற்றடியில் அமர்ந்து எங்களுக்காகக் காத்திருக்கும் ஆண்டவரே, எங்கள் வாதங்களைக் கடந்து எங்கள் வாழ்க்கைக்குள் வாரும். எங்களுக்குப் பழகிய செபத்தில் எங்களைத் தாங்கும். பழகாத செபத்தில் எங்களை வளர்த்தருளும். ஒரே தந்தையின் பிள்ளைகளாக ஒருவர் மற்றவரின் செபத்தை மதிக்கவும், ஒருவர் மற்றவரின் வாசலுக்குப் போகவும் எங்களுக்கு வரம் தாரும். என்றென்றும் வாழ்ந்து ஆட்சி செய்கின்றவர் நீரே. ஆமென்.